உன் கட்டைவிரலைத் திருடிய கதை

அன்பு மகன் ஜெரால்டுக்கு,

யாரும் நம்பப் போவதில்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்குகிறேன். நம் மாதா கோயில் மணி, துறைமுகத்துச் சங்கு, எண்ணூர்ப் புகைபோக்கிகள் மூன்றும் சாட்சி. கோயிலில் வருடா வருடம் போடும் பங்கு மலரின் கடைசிப் பக்கம் பதினெட்டு வருடமாக என் ராஜ்ஜியம் என்பது உனக்குத் தெரியும். இதே பக்கத்தில்தான் நான் நாற்பது அடிச் சுறாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பீடி பற்றவைத்தேன். புயலன்று கடலுக்குள் போன சரக்குக் கப்பலை உன் அம்மாவின் புடவையைக் கட்டி இழுத்து வந்து கரையில் நிறுத்தியதும் இதே பக்கத்தில்தான். ஜனங்கள் முதல் பக்கத்துப் பேராயர் ஆசியுரையைத் தாண்டி நேராகக் கடைசிக்கு வந்து, "இந்த வருசம் இன்னா வுட்டுக்கிறான் பாரு" என்று படிப்பதற்கு முன்பே சிரிப்பார்கள். இந்த வருடமும் சிரிக்கட்டும். உனக்கு மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. நான் உனக்குச் செய்ததை ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தேன். உன்னிடம் மட்டும் வந்து காதோடு முணுமுணுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

போன இரண்டு ஞாயிறும் பூசையில் உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். நீ புனேவில் இருப்பதால் கேட்டிருக்க மாட்டாய். உன் பெயர், பெண்ணின் பெயர், இரண்டு வீட்டாரின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டுச் சாமியார் கடைசியில் ஒரு வரி படிப்பாரே, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று, அந்த வரி வந்ததும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு மட்டும் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேட்டியில் புகை வந்ததாகச் சொல்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை, பயப்படாதே. ஆனால் தெரிந்தவன் எழுந்து சொல் என்று மைக் வைத்துக் கேட்கும்போது, தெரிந்த ஒரு விஷயத்தை ஏழு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறவன் எப்படி உட்கார்ந்திருப்பான்? முதல் ஞாயிறு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஞாயிறும் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளைத் தோழனா யார்டா நிக்கிறது? கோயில் புக்குல சாட்சிக் கையெழுத்து போடணுமே" என்றேன். "யாராச்சும் நிப்பாங்க நைனா. அங்க மழையா?" என்றாய். ஏழு வருடமாக நீ என்னிடம் மழையைப் பற்றி மட்டும்தான் கேட்கிறாய். சென்னையில் நல்ல வெயில் என்று சொன்னேன். அதோடு போனை வைத்தோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் உனக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். கொருக்குப்பேட்டையில் உன் வயதுப் பையன் ஒருவனைக் கஞ்சாவோடு பிடித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உடனே உன் பாலிடெக்னிக்கில் பெற்றோர்களைக் கூட்டி ஒரு கூட்டம் போட்டார்கள். டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று, இப்போதெல்லாம் பிள்ளைகள் பேசுவது எல்லாம் பூட்டுப் போட்ட மெசேஜ், அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் தவிர ஆண்டவனாலும் படிக்க முடியாது, ஆனால் பெற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்றார். எனக்கு நாக்கில் நீர் ஊறியது. நான் என்ன வேலை பார்த்தவன் என்று யோசித்துப் பார். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு வாசலில் முப்பது வருடம் சீல் பார்த்தவன். பெட்டி வரும். கதவில் மாட்டியிருக்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே தங்கமா, தவிடா, பெல்ஜியத்து ராணியா என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. எட்டுக் கோடி பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றின் வயிற்றையும் கண்டதில்லை. வேலையில் அவ்வளவு ஒழுங்காக இருந்தவன் வீட்டுக்கு வந்து சொந்தப் பிள்ளையின் சீலை உடைத்தேன். யார்டில் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். வீட்டில் கேட்க ஆளில்லை.

டோல்கேட்டில் செல்போன் கடை வைத்திருந்த தம்பி வழி சொல்லிக்கொடுத்தான். உன் போனைத் திறந்து, வீட்டில் சும்மா கிடந்த சிலேட்டு அளவு டேப்பில் தெரியும் ஒரு கறுப்புக் கட்டத்துக்கு நேராகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் உனக்கு வருவதெல்லாம் எனக்கும் வரும். நீ அனுப்புவதும் தெரியும். போனைத் திறக்க உன் விரல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுக்கறி வறுவலில் ஒரு மலையைத் தின்றுவிட்டு நீ பாயில் விழுந்தாய். உன் குறட்டையில் தண்டையார்பேட்டை வரை ஜன்னல்கள் ஆடின. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் வலது கட்டைவிரலை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்துவிட்டாள்.

"தூங்குற புள்ள கைய புட்சிகினு இன்னாயா பண்ற?"

"நகம் வெட்டலாம்னு."

"கத்தரி எங்க?"

"அளவு பாத்துகினு கீறேன்."

அவள் போனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "வேணாம்யா. ஏதாவது இருந்தா அவனே சொல்லுவான். சொல்லலன்னா அது உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான். நான் உன் விரலை அழுத்தினேன். போன் திறந்தது. நீ பிறந்த அன்று நர்ஸ் உன்னைக் கொண்டுவந்து காட்டியபோது நான் முதலில் தொட்டது அந்தக் கட்டைவிரலைத்தான்.

ஐந்து மாதம் படித்தேன். யார்டு வாசல் பூத்தில் உட்கார்ந்து படித்தேன், 56 நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்தேன், பூசையில் மண்டியிட்டுக்கொண்டும் படித்தேன். இரண்டு லட்சம் மெசேஜ் இருக்கும். கஞ்சா இல்லை, பெண் இல்லை, கத்தி இல்லை. பைக்குக்கு என்ன மைலேஜ், மிஷின் டிராயிங்கில் எத்தனை பேர் பெயில், பரோட்டாவா பிரியாணியா, இதுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். நிம்மதி வர வேண்டிய இடத்தில் ஏமாற்றம் வந்தது. இன்னொன்றும் படித்தேன். காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஏழுமலையின் மகன் தினேஷ், நாலாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன், அவனுக்கு நீ என் கதைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாய். "எங்க நைனா இன்னிக்கி சுறாவ அம்பது அடி ஆக்கிட்டாரு மச்சான், அடுத்த வாரம் அது இங்கிலீஷ் பேசும்" என்று. அவன் பதிலுக்கு, "உங்க வூட்ல பொறந்திருக்கணும்டா, எங்கப்பா டீசல் வெல தவுர எதும் பேசமாட்டாரு" என்று போட்டிருந்தான். அதைப் படித்தபோது டேப்பை அணைத்துக் கடலில் எறிந்திருக்க வேண்டும். நான் இன்னும் ஆர்வமாகப் படித்தேன். என்னைப் பற்றி வேறு என்ன எழுதியிருக்கிறாய் என்று.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அந்த மெசேஜ் வந்தது. தினேஷுக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. மும்பை போய் ஏற வேண்டும், புதன்கிழமை ரயில். அவன் அப்பாவுக்குத் தெரியாது. ஒரே பையன், படகுக்கே அவன் பெயர். பாஸ்போர்ட்டையும் கப்பல்காரர்களுக்குக் கொடுக்கிற அடையாளப் புத்தகத்தையும் பீரோவில் அம்மா புடவைக்கு அடியில் வைத்திருக்கிறான். "ஏறிட்டு போன் பண்ணி கால்ல வுய்ந்துக்கறேன் மச்சான். உன்கிட்ட மட்டும் சொல்றேன். உங்க நைனாகிட்ட கூட மூச்சு வுடாத." நீ எழுதியிருந்தாய்: "நான் செத்தாலும் வெளிய வராது. ஸ்டேசனுக்கு நான் வரேன்."

இனிமேல் நான் சொல்வதை நன்றாகக் கேள். பெற்றவன் வலி பெற்றவனுக்குத்தான் தெரியும், அதனால் ஏழுமலையிடம் சொன்னேன் என்று எனக்கு நானே ஏழு வருடம் ஓதிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் புளுகு. வாழ்நாளெல்லாம் யாரும் நம்பாத கதைகளைச் சொல்லித் திரிந்தவன் கையில் முதல் தடவையாக ஒரு நிஜக் கதை வந்து விழுந்தது. அதைக் கையில் வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காசிமேடு ஏலக்கூடத்துக்கு ஓடினேன்.

"இன்னா நைனா, இன்னிக்கி எத்தினி அடி சுறா?" என்றார் ஏழுமலை, கூடையைத் தள்ளிக்கொண்டே.

"சுறா இல்லபா. உம் புள்ள நாளைக்கி கப்பல் ஏறப் போறான்."

அவர் சிரித்தார். ஐஸ் உடைக்கிறவர் சிரித்தார். சங்கரா மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, "இந்த ஆளு அடுத்த தபா ஏழுமலையையே அமெரிக்காவுக்கு ஜனாதிபதி ஆக்கிடுவான்" என்றாள். மொத்த ஏலக்கூடமும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. நிஜத்தைச் சொன்னாலும் சிரிக்கிறார்களே என்று. ஆனால் டேப்பைக் காட்டினால் பிள்ளையின் போனை ஒட்டுக்கேட்கிறவன் என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு வெட்கத்துக்கும் நடுவில் நின்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"நான் சொல்லலயா. எம் புள்ள ஜெரால்டு சொன்னான். பாஸ்போட்டு பீரோல உன் வூட்டுக்காரம்மா பொடவைக்கி அடியில கீது, போய்ப் பாரு."

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. "ஜெரால்டா சொன்னான்?" என்று ஒரு தடவைதான் கேட்டார். கூடையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார். என் பேச்சுக்குக் காது கொடுக்காத ஊரில் உன் பெயருக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. ஒரே வாக்கியத்தில் அதைத் தின்று தீர்த்துவிட்டு, இரண்டு சங்கரா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏழுமலை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாஸ்போர்ட்டையும் புத்தகத்தையும் எடுத்துப் படகின் கேபினில் வைத்துப் பூட்டினார். ஐஸ் ஏற்றினார், டீசல் போட்டார், கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் ஆறு நாள் தங்கலுக்குப் போய்விட்டார். தங்கலுக்குப் போன படகைக் கரையிலிருந்து யாரும் திருப்ப முடியாது. புதன்கிழமை ரயில் போனது. மும்பைக் கப்பலும் போனது. ஏழாம் நாள் படகு வந்தபோது பாஸ்போர்ட் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக் கொண்டு ஏற வேண்டிய கப்பல்தான் இல்லை. இரண்டாவது முறை கூப்பிடுகிற ஏஜெண்டு எவனும் இல்லை.

தினேஷ் நம் வாசலுக்கு வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். தெருவில் எல்லோரும் வெளியே இருக்கிற நேரம்.

"உன்கிட்ட மட்டும் தாண்டா சொன்னேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லல மச்சான். மாதா மேல சத்தியமா."

"அப்ப எங்கப்பா சொப்பனம் கண்டாரா? நீ சொன்னன்னு உங்க நைனாவே ஏலத்துல சொல்லிக்கிறாரு. நூறு பேர் கேட்டுக்கிறாங்க." பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அங்கிள், நீங்களே சொல்லுங்க. இவன் சொன்னானா, இல்லியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறேன்."

நீயும் என்னைப் பார்த்தாய். எதிர்வீடு, பக்கத்து வீடு, தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்கள், எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு தெருவே நான் பேசுவதற்காகக் காத்திருந்தது அன்றுதான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "எல்லாம் நல்லதுக்குத்தான் பா. உள்ள வா, காபி குடி" என்றேன். தினேஷ் உன் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு நீ பூசைக்கு வந்தபோது பின்பெஞ்சுப் பையன்கள் "யூதாஸ் வரான் பாரு" என்றார்கள். அந்தப் பெயர் இந்தத் தெருவில் உனக்கு இரண்டு வருடம் இருந்தது. நிஜ யூதாஸ் முன்பெஞ்சில் உட்கார்ந்து காணிக்கைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை.

நான் படித்தது உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதாக நீ நினைக்கிறாய். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஜெரால்டு. அந்த வியாழக்கிழமை விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், நான் குளியலறையில் டேப்போடு உட்கார்ந்திருந்தபோது, நீ தினேஷுக்கு அனுப்பிய மெசேஜ் வந்தது. "மச்சான் என் போன்ல இன்னொரு மிஷினு கனெக்ட் ஆயிருக்கு. இப்பதான் பாத்தேன். எங்க நைனா எல்லாத்தையும் படிச்சிருக்காரு." அவன் போனை அணைத்து வைத்திருந்தான், ஒரு டிக் மட்டும் விழுந்திருந்தது. நான் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம் போனது. அந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வந்தது. நீ அழித்துவிட்டாய். அடுத்த நொடி டேப்பில் எல்லாம் போய்ப் பழைய கறுப்புக் கட்டம் மட்டும் நின்றது. நீ என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாய். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "நைனா, மழ வரும் போல கீது" என்றாய்.

தகப்பன் மானம் போகக் கூடாது என்று நீ அழித்தாயா, இந்த ஆளைப் பற்றி ஊருக்குச் சொல்வதே கேவலம் என்று அழித்தாயா? ஏழு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். கேட்கத் தைரியம் இல்லை. உன் அம்மா மட்டும் அன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, "வாயத் தொறந்தா மூடமாட்டியே, இன்னிக்கி இன்னாச்சி?" என்றாள்.

தினேஷை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, இப்போது அவன்தான் படகு. கடலில் நல்ல மீன் இல்லாத நாளிலும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பான். "அங்கிள், உங்களுக்குத்தான்" என்று கூடுதலாக இரண்டு போடுவான். பெரிய மனுஷன், நல்லதுக்குச் சொன்னார் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. உன் கல்யாணச் சேதியைச் சொன்னேன். வலையில் சிக்கியிருந்த நண்டைப் பிய்த்துக்கொண்டே, "நல்லாருக்கட்டும் அங்கிள்" என்றான். தலையைத் தூக்கவில்லை. அன்று அந்த மீனை உன் அம்மா குழம்பு வைத்தாள். மூன்று மைல் நீளத்துக்கு முள் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது தகப்பன் கடமை என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் பழைய சரக்கு. நாளை உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதன் கையில் ஒரு போன் வரும். எவனாவது டை கட்டிக்கொண்டு வந்து உன்னைப் பயமுறுத்துவான். பயம் வந்தால் பிள்ளையிடம் போய்ப் பயமாக இருக்கிறது என்று சொல். அதையும் மீறிப் பார்த்துத் தொலைத்தால், பார்த்தேன் என்று அன்றைக்கே ஒத்துக்கொள். பார்த்ததைவிடப் பெரிய பாவம், பார்க்காதவன் மாதிரி எதிரே உட்கார்ந்து சோறு தின்றது. நீ வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, உன் குரலில் எந்த இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே ஏழு வருடம் வாழ்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அப்புறம் அங்க மழையா என்று கேட்பாய்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அன்றுதான் இந்த மலரும் கோயில் வாசலில் கிடைக்கும். ஒரு பிரதியை நானே காசிமேட்டுக்குக் கொண்டுபோய்த் தினேஷ் கையில் கொடுப்பேன். அவனும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவான், சிரிக்கத் தயாராக. பதினெட்டு வருடம் பாடுபட்டு நான் சம்பாதித்து வைத்திருக்கும் பெயர் அப்படி. நிஜத்தை எழுதினாலும் அதைப் புளுகு என்று தள்ளிவிட முழு உரிமையும் அவனுக்கு இருக்கிறது. தள்ளட்டும். எட்டுக் கோடிப் பெட்டியைத் தள்ளட்டும், பெஞ்சில் வந்த புகையைத் தள்ளட்டும், இந்தக் கிழவன் கண்ணீரும் கதைதான் என்று அதையும் தள்ளட்டும். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். அது உனக்குப் புதிதில்லை, மகனே, அதனால் உன்னை விட்டுவிட்டு அவனிடம் சொல்லி முடிக்கிறேன்.

தினேஷ், ஜெரால்டு என்னிடம் எதுவும் சொல்லவில்லை.